ரிக் வண்டிக்கு ஒரு டப்பா பொடி

1

இதைக் கட்டுரையாகத்தான் ஆரம்பித்தேன். ‘தாவரச் சத்துகளும் பெருங்குடல் புற்றுநோயும்’ என்று தலைப்புகூட வைத்தாயிற்று. முதல் வரி: ‘மஞ்சளில் உள்ள குர்குமின், ஆய்வகத்தில் வளர்த்த புற்றுச் செல்களின் பெருக்கத்தை…’

அதற்குள் அடுப்பில் ரசம் பொங்கிவிட்டது. இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தால் கட்டுரை கதையாகியிருந்தது. கட்டுரைக்குப் புருஷன் தேவையில்லை, எனக்குத் தேவை.

2

‘நான்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. கதையில் எனக்குச் சௌந்திரம் என்று பெயர். என் வீட்டுக்காரருக்கு வெள்ளியங்கிரி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். போர் போட மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் மழைக்காலத்துக்குத்தான் வீடு திரும்புவார். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது கொஞ்சம்தான். ‘சௌந்திரம் தினமும் அவருக்காக ஏங்கி…’

(இந்த வரி வேண்டாம். ஆனால் உண்மை. இருக்கட்டும்.)

போன வருடம் அவருக்குப் பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன், பிறகு கீமோ. வீட்டிலேயே இருந்தார். நான் கேட்டது இப்படியா?

3

சௌந்திரம் மேல் எனக்கு ஒரு சந்தேகம். படித்ததையெல்லாம் தட்டில் வைத்தாள்: பூண்டு, சின்ன வெங்காயம், முட்டைக்கோஸ், கருவேப்பிலை, மஞ்சளோடு மிளகு. நோய்க்காக வைத்தாளா, எதிரே ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்ற ஆசையில் வைத்தாளா?

மஞ்சள் மாத்திரை வாங்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

“கொழம்புல போடுங்க, போதும். லேபுல வளக்கற செல்லு வேற, மனுசன் ஒடம்பு வேற. திங்கறதுல ரத்தத்துக்குப் போறது கொஞ்சூண்டுதான். கீமோவுக்குப் பதிலு இதில்லீங்க.”

(அந்தக் ‘கொஞ்சூண்டை’ப் பிடித்துக்கொண்டுதான் சௌந்திரம் அத்தனை மாதமும் ஓட்டினாள்.)

4

கீமோ முடிந்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. நாக்கு செத்துக் கிடந்தவர் ஒரு மத்தியானம் மறுசோறு கேட்டார். சௌந்திரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஏம்புள்ள, இந்தக் கருவேப்பிலைப் பொடி நல்லாருக்குது. ஒரு டப்பா அரைச்சுக் குடு. வெள்ளிக்கெழம வண்டி கெளம்புது.”

“ஏனுங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா செக்கப்புக்கு வரச் சொன்னாங்களே?”

“வாரேன் புள்ள. ரயிலா ஓடாம போயிரும்?”

“இங்கயே இருந்தா ஆகாதுங்களா?”

“ஊட்டுலயே உக்காந்திருந்தா நோயாளியாட்டத்தான் இருக்குது. வண்டி ஏறுனாத்தான் நல்லாயிட்டேன்னு எனக்கே நம்பிக்கை வரும்.”

இதற்கு நான் எழுதிக்கொடுத்த பதில் எதுவும் சௌந்திரத்தின் வாயில் நிற்கவில்லை. அவர் குணமாக வேண்டும் என்றுதான் சமைத்தாள். குணமானால் போய்விடுவார் என்பது சமைக்கும்போதே தெரியும்.

5

முடிவு (அ): அவர் போகவில்லை. எழுதிப் பார்த்தேன். அந்த வெள்ளியங்கிரி சிரிக்கவே மாட்டேன் என்கிறார். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு (ஆ): போகிறார். மூன்றாம் மாதம் செக்கப்புக்கு…

(முடிக்கத் தைரியமில்லை.)

சௌந்திரம் போதும், நானே வருகிறேன். பொடி அரைத்தாயிற்று, மிளகு தூக்கலாக. பேப்பரில் பரப்பியிருக்கிறேன். சூட்டோடு அடைத்தால் வேர்த்துக் கெட்டுவிடும். பையை வாசலில் வைத்துவிட்டு அவர் கேட்கிறார்:

“ஆறிருச்சா புள்ள?”

வாசிக்கிற நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். தொட்டுப் பாருங்கள். ஆறியிருந்தாலும் இப்போதே அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.