மூன்று குமிழ்களுள்ள பெட்டி

மெர்யா கடைத் தரையில் மண்டியிட்டு, கிதார் ஒலியைப் பெருக்கும் ஒரு பெட்டியின் பின்பக்கத்தில் மின்கம்பியை எங்கே செருகுவது என்று தேடிக்கொண்டிருந்தாள். காலணியில் ஒட்டியிருந்த பனிச்சேறு உருகி, அவளைச் சுற்றிச் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. கோட்டுப் பையில் இருந்த கைபேசியை அவள் அடிக்கடி தொட்டுப் பார்த்தாள். காலையில் வந்த செவிலி பிர்யோ, அப்பாவின் முழங்காலில் படர்ந்திருந்த நீலத் திட்டுகளைப் போர்வையால் மூடிவிட்டு, "இன்னிக்குத் தூரமா எங்கயும் போகாதீங்க" என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா மெர்யாவைக் கடைக்கு அனுப்பினாள்.

"வீட்டுல வாசிக்கவா, மேடைக்கா?"

கடைப்பெண் அருகில் வந்து குந்தினாள். முன்கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தாள்.

"வீட்டுலதான். அடுக்குமாடி வீடு. அப்பாவுக்கு."

"அப்ப இதை விட்டுடுங்க. பெரிய ஆம்ப்பைக் கூட்டி வச்சாத்தான் நல்லாருக்கும். அடுக்குமாடியில எங்க கூட்டறது? கொறைச்சு வச்சா கம்பளிக்குள்ளேருந்து யாரோ பேசற மாதிரி இருக்கும்." அவள் அடுத்த பெட்டியைத் தட்டினாள். "இது நிறையப் பேர் வாங்கறது. கைபேசியோட சேர்த்துக்கிட்டா எத்தனையோ விதமா சத்தம் மாத்திக்கலாம். இரைச்சலே இருக்காது."

"கைபேசியில ஒரு நம்பர் போடறதுக்கே அவர் கண்ணாடியத் தேடுவார்."

"அப்படின்னா இது." மூன்றாவது பெட்டி ரொட்டிப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. முகப்பில் மூன்று குமிழ்கள். "ஒண்ணு சத்தம், ஒண்ணு தொனி, ஒண்ணு கரகரப்பு. அவ்வளவுதான். இந்த விலைக்கு மோசமில்ல. ஆனா மறைக்க மாட்டேன், சும்மா போட்டு வச்சாலே கொஞ்சம் இரையும். போகப் போகக் காது பழகிடும்."

"அவருக்குக் காதே சரியா கேக்காது. காகித ஆலையில இருந்தவர்."

"இப்பத்தான் கத்துக்கிறாரா?"

"போன வசந்தத்துல சந்தையில ஒரு பழைய கிதார் வாங்கினார். எலெக்ட்ரிக். இந்தப் பெட்டி மட்டும் வாங்கல."

கடைப்பெண் சிரித்தாள். "காது கேக்காதவரு, ஆம்ப் இல்லாத எலெக்ட்ரிக் கிதாரு. அப்ப அவர் வாசிக்கிறத அவரே இதுவரைக்கும் கேட்டதில்லைன்னு சொல்லுங்க."

மெர்யாவுக்கு அது தோன்றியதே இல்லை. கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்த அன்று அம்மா கைசு சொன்னது மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. பள்ளிச் சமையலறையில் நாள் முழுக்கத் தட்டுச் சத்தத்தில் நின்றுவிட்டு வந்திருந்தாள் அம்மா. "ஒரே ஒரு பாட்டு, தொடக்கத்துலேருந்து முடிவு வரைக்கும் வாசிச்சுக் காட்டு, ராய்மோ. அப்புறம் அந்தப் பெட்டிய வாங்கலாம்." அப்பா தலையாட்டினார். கிதாரை அலமாரிக்குப் பின்னால் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொட்டதை யாரும் பார்க்கவில்லை. இலையுதிர் காலத்தில் இருமல் வந்தது. இருமலோடு மற்றதும் வந்தது. நேற்று அம்மா அவர் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டே, "உனக்கு ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பெட்டி" என்றார்.

"என்னைக் கேட்டா, அவரையே ஒருநாள் கூட்டிட்டு வாங்க" என்றாள் கடைப்பெண். "தன் கையால வாசிச்சுப் பார்த்து வாங்கறதுதான் நல்லது."

"அவரால வர முடியாது."

"காலு முடியலையா?"

"இல்ல."

கடைப்பெண் அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், சுவரில் தொங்கிய கம்பிகளில் ஒன்றை எடுத்துவந்து பெட்டியின் மேல் வைத்தாள். "இது பெட்டியோட வராது. இது இல்லாம கிதாரும் பெட்டியும் பேசிக்காது. வீட்டுக்குப் போய்த் திண்டாடக் கூடாது பாருங்க."

டிராமில் மெர்யா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. எதையாவது எடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கலாம். ஆனால் அப்பா ஒரு திருகாணி வாங்கப் போனாலும் கடையில் இருக்கும் திருகாணிகளையெல்லாம் விரலால் உருட்டிப் பார்ப்பவர். அவருக்கு வாங்கும்போது கண்ணில் பட்டதை எடுத்துவர அவளுக்கு மனம் வரவில்லை.

அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றிருந்தாள்.

"இவ்வளவு நேரமா? ஒரு பெட்டிக்கு?"

"இருக்காரா?"

"இருக்கார்."

கட்டிலைக் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அப்பாவின் மூச்சு ஒன்று வந்து, அடுத்தது வருவதற்குள் மெர்யா கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டாள். அவ்வளவு இடைவெளி. அம்மா அலமாரிக்குப் பின்னாலிருந்து கிதாரை எடுத்துவந்து, ஈரத் துணியால் துடைக்கப் போனவள், "தண்ணி படலாமா இதுல?" என்று கேட்டுவிட்டுத் தன் பாவாடையிலேயே துடைத்தாள். கட்டிலின் ஓரத்தில், அவர் இடுப்போடு ஒட்டி அதைப் படுக்க வைத்தாள். மெர்யா பெட்டியை நாற்காலியில் வைத்துக் கம்பியைச் செருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி மெல்ல இரையத் தொடங்கியது.

"ராய்மோ. வந்துடுச்சு. உன் பெட்டி வந்துடுச்சு."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. அம்மா அவர் வலது கையைத் தூக்கித் தந்திகளின் மேல் வைத்தாள். விரல்கள் நழுவிப் போர்வையில் விழுந்தன. மறுபடி வைத்தாள். மறுபடி நழுவின.

"விடும்மா."

"ஆசைப்பட்டுக் கேட்டார்."

"தெரியும். விடு."

அம்மா விடவில்லை. அவர் கையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, தன் கட்டைவிரலால் தடித்த தந்தியை இழுத்து விட்டாள்.

குமிழ்களை மெர்யா பார்த்திருக்கவில்லை. சத்தம் ஒரு லாரி கூடத்துக்குள் புகுந்ததுபோல் வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பாவின் முகம் சுருங்கியது. கீழ்வீட்டிலிருந்து யாரோ வீடுகளைச் சூடாக்கும் வெப்பக் குழாயில் டக், டக் என்று தட்டினார்கள். அப்பாவின் உதடு அசைந்தது. அம்மா குனிந்து காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"கம்மி பண்ணு" என்றார் அப்பா.

அம்மா நிமிர்ந்தாள். ஒருகணம் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். "கேட்டியா? கேட்டியாடி மெர்யா? ரேடியோவக் கம்மி பண்ணு, கம்மி பண்ணுன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் கத்தறேன். இன்னிக்கு என்னைச் சொல்றார் உங்கப்பா!" சிரிப்பு நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை.

மெர்யா குமிழை அடி வரைக்கும் திருப்பி, அங்கிருந்து ஒரு முடி அளவு கூட்டினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல் தந்தியைத் தொட்டாள். தாழ்ந்த, உருண்ட ஒலி ஒன்று எழுந்து, நெடுநேரம் நின்று அடங்கியது.

"இப்பச் சரியா, ராய்மோ?"

அவர் முகம் சுருக்கம் விட்டு நேராகியிருந்தது. அம்மா மறுபடி இழுத்தாள். மறுபடி. அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு தந்திதான். பிறகு கையை எடுத்துக்கொண்டு, அவர் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அணைச்சுடட்டுமா?" என்றாள் மெர்யா.

"இருக்கட்டும். யாரோ வாசிக்கப் போறாங்கங்கற மாதிரி இருக்கு."

மெர்யா காபி போட்டுக்கொண்டு வந்தாள். இருவரும் குடித்தார்கள். அம்மா பேசினாள். ஆலையில் காகிதச் சுருள் அறுந்து விழுந்த கதை, ஏரி உறைந்திருந்த மாதம் இருவரும் நடந்தே மறுகரைக்குப் போன கதை. மெர்யா கேட்டிராத கதைகள். நடுநடுவே "இல்லையா, ராய்மோ?" என்று கேட்டுவிட்டு, பதில் வந்துவிட்டதுபோல் தொடர்ந்தாள். பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. கடைப்பெண் சொன்னது சரிதான். காது பழகிவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பலாகும்போது மெர்யா கோப்பைகளை எடுக்க எழுந்தாள். போகிற போக்கில் பெட்டியை அணைத்தாள்.

கூடம் முழுக்க அமைதி விழுந்தது. குளிர்பெட்டியின் உறுமல் கேட்டது. மாடிப்படியில் யாரோ சாவி தேடுவது கேட்டது. மெர்யா கோப்பைகளோடு நின்று அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். காத்திருந்தாள்.

"அம்மா."

"ம்?"

"அம்மா."

கைசு அவர் நெற்றியில் கை வைத்தாள். பிறகு கன்னத்தில். கையை எடுக்காமலே தலையைத் திருப்பி, நாற்காலியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். மெர்யாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரைச்சல் இல்லாத மற்றதை வாங்கியிருக்கலாம். கடைப்பெண் அதைத் தட்டியும் காட்டியிருந்தாள்.

மெர்யா அழைத்ததும் பிர்யோ வந்து அவர் நெஞ்சின் மேல் கருவியை வைத்துக் கேட்டாள். "எப்பப் போனார்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

மெர்யா அம்மாவைப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள் அம்மா. "நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலதான் இருந்தோம்."

பிர்யோ ஜன்னலை ஒரு கை அகலம் திறந்துவிட்டு, வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

வெந்நீர் பிடிக்கும்போது அழைப்புமணி அடித்தது. கீழ்வீட்டு வெய்க்கோ. வீட்டுச் செருப்போடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மெர்யா. நீ வந்திருக்கியா? பாரு, நான் சண்டைக்கு வரல. ஆனா மத்தியானம் அது என்ன சத்தம்? என் சுவர்ல படம் சாஞ்சிடுச்சு. ராய்மோகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"அப்பா செத்துட்டார், வெய்க்கோ."

அவர் வாய் திறந்தபடி நின்றது. "எப்போ?"

"இன்னிக்கு. கொஞ்சம் முன்னாடி."

"அப்ப வாசிச்சது?"

"அம்மா."

வெய்க்கோ கதவு நிலையில் கை வைத்துக்கொண்டார். "குழாயில தட்டினது நான்தான். எனக்கு எப்படித் தெரியும்?" செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னாடியும் ஒருதரம் வந்து சொன்னேன். கிதார் சத்தம் இல்ல, அது எனக்குக் கேக்காது. கால். காலால தரையில தாளம் போடுவார். உங்கம்மா வேலைக்குக் கிளம்பினதும் ஆரம்பிச்சா, அவ திரும்பி வர்ற வரைக்கும். தினமும். என் விளக்கு ஆடும். கம்பளிக் காலுறையாவது போட்டுக்கய்யான்னு சொன்னேன். போட்டுக்கிட்டார். பாவம், உடனே போட்டுக்கிட்டார்."

"தினமுமா?"

"குளிர் காலம் பாதி வரைக்கும். அப்புறம் நின்னுபோச்சு. கத்துக்கிட்டார் போலன்னு நினைச்சேன்."

அவர் உள்ளே வரவில்லை. இரங்கல் சொல்ல வாயெடுத்து, மெர்யாவின் தோளை ஒருமுறை தட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கூடத்தில் பிர்யோ துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். கதவு திறந்தேதான் இருந்தது. அம்மா கேட்டாளா என்று மெர்யாவுக்குத் தெரியவில்லை. அம்மா கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்பாவின் முகத்தையும் கழுத்தையும் துடைத்து முடித்து, வலது கையை விரல் விரலாகத் துடைத்துப் போர்வை மேல் வைத்தாள். பிறகு கட்டிலைச் சுற்றி வந்து இடது கையை எடுத்தாள்.

துண்டு ஒரு விரல் நுனியில் சிக்கியது. அம்மா விளக்குப் பக்கமாகக் கையைத் திருப்பினாள். நான்கு விரல்களின் நுனியிலும், தந்தியை அழுத்தி அழுத்தித் தோல் தடித்து, மஞ்சளாகி, நகத்தைப்போல் இறுகியிருந்தது. படுக்கையில் கிடந்த வாரங்களில் அந்தத் தோல் ஓரத்திலிருந்து உரிய ஆரம்பித்திருந்தது. உள்ளே புதுத் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

"இதெல்லாம் சுத்தம் பண்ணிடலாம்" என்று பிர்யோ பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து நீட்டினாள். மெர்யா அதை வாங்கிக்கொண்டு அருகில் வந்தாள்.

"வெட்டாத" என்றாள் அம்மா.

மெர்யா நின்றுவிட்டாள். அம்மா சிக்கியிருந்த துண்டின் நூலை நகத்தால் பொறுமையாக விடுவித்தாள். பிறகு அந்த நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாக, தோல் பிய்யாதபடி ஒற்றி ஒற்றித் துடைத்தாள். எல்லாம் காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். திறந்திருந்த ஜன்னல் வழியே குளிர் வந்துகொண்டிருந்தது. கிண்ணத்தில் வெந்நீர் ஆவி அடங்கி, அசையாமல் கிடந்தது.