எந்த முழங்கால்?

1

இந்தக் கதை பக்கத்து வீட்டு அத்தை கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

"உன் பொண்ணு என்ன வேலை பாக்குறா?"

"டாக்டருங்க பேசி அனுப்புறத கேட்டு டைப் அடிக்கிறா," என்றாள் அம்மா.

"அவ்வளவுதானா?"

நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு பதிலைத் தயார் செய்து முடிப்பதற்குள் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: அந்த அறையில் விசைப்பலகைகளின் ஓசை மழையைப் போல—

(இல்லை. எல்லோரும் ஹெட்போன் மாட்டியிருக்கிறோம். யாருக்குக் கேட்டது?)

இரண்டாவது: விலங்கியல் படித்துவிட்டு, உயிருள்ள ஒன்றையும் தொடாத வேலையில்—

(புலம்பல் மாதிரி இருக்கிறது. எனக்குப் புலம்ப ஒன்றுமில்லை.)

மூன்றாவது: மேசைக்கடியில் என் காலுக்கு ஒரு மிதி இருக்கிறது. முன்பக்கம் அழுத்தினால் டாக்டர் பேசுவார். குதிகாலால் அழுத்தினால் சொன்னதையே திரும்பச் சொல்வார்.

இதை வைத்துக்கொள்கிறேன்.*

* அம்மாவிடம் விளக்கியபோது "தையல் மெஷினாடி?" என்றாள். பழக்கம் எப்படி ஆகிவிட்டதென்றால், வீட்டில் யாராவது வேகமாகப் பேசினால் என் குதிகால் தானாகத் தரையை அழுத்துகிறது. யாரும் திரும்பச் சொல்வதில்லை.

3

கதைக்கு ஒரு டாக்டர் வேண்டும். நாங்கள் 'மெல்லும் டாக்டர்' என்று அழைப்பவரைத் தேர்ந்தெடுக்கிறேன். பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும். நோயாளியின் ரத்த அழுத்தத்துக்கும் ஒவ்வாமைக்கும் நடுவில் பிஸ்கட் கடிப்பார்.

அன்றைய ஒலிப்பதிவில் அவர் முதலில் சொன்னது: நோயாளிக்கு இடது முழங்காலில் வலி. பிறகு வீக்கம் பற்றிச் சொன்னார், எந்தக் கால் என்று சொல்லவில்லை. கடைசியில் சொன்னது: வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை.

குதிகாலை அழுத்தினேன். இடது. முன்னே போனேன். வலது. இரண்டுமே தெளிவாக இருந்தன. இரைச்சல் இல்லை. அந்த இடங்களில் பிஸ்கட்டும் இல்லை.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு: ஊகிக்காதே. நிச்சயம் தெரியாத இடத்தில் வெறும் கோடு போட்டு, பக்கத்தில் காரணத்தைக் குறிக்க வேண்டும். டாக்டர் பார்த்து நிரப்புவார். அதை 'பிளாங்க்' என்போம். இன்னொரு விதியும் உண்டு: நிறைய பிளாங்க் விடுகிறவர்கள் 'டைரக்ட்' ஆக முடியாது. டைரக்ட் என்றால் நாம் அடித்தது வேறு யாரும் சரிபார்க்காமல் நேராக மருத்துவமனைக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். அன்று அதற்கான தேர்வின் கடைசி நாள். இன்னும் ஒரு பிளாங்க் விட்டால் தேர்வு போய்விடும்.

இரண்டு விதிகளையும் ஒரே ஆள் எழுதியிருக்க மாட்டார்.

4

இங்கே குழுத் தலைவி வருகிறாள். காற்புள்ளி ஒன்று விடுபட்டாலும் எழுந்து வந்து நிற்பதால் எங்களுக்கு அவள் கமா அக்கா. முதல் வரைவில் அவளை வில்லியாக எழுதினேன். கண்களைக்கூட இடுக்கவைத்தேன். அதையெல்லாம் வேண்டாமென்று அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்: நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு. மூன்று முறை கேட்டோம்.

"கடைசியாச் சொன்னதுதான் கணக்கு. முதல்ல வாய் தவறியிருக்கும். வலதுன்னு போடு."

"கடைசியில வாய் தவறியிருந்தா?"

"இந்த ஒண்ணோட நீ டைரக்ட்டும்மா. லூசு மாதிரி கோட்டை விடாத."

வலது என்று அடித்தேன். வாக்கியம் வழுவழுப்பாக இருந்தது. யாருக்கும் தெரியாது. மேசைக்கடியில் என் முழங்கால்களைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

(முதல் வரைவில் இங்கே நான் நீளமாகப் பேசுகிறேன். ஒரு பக்கம். கமா அக்கா தலைகுனிகிறாள். அதையும் அடித்துவிட்டேன். நான் பேசியது கீழே உள்ளது மட்டும்தான். அதுவும் முதல் தடவை குரல் எழும்பவில்லை.)

"போட மாட்டேன்க்கா."

"என்னது?"

"அந்த பேஷண்டை நான் பாக்கல. நீங்களும் பாக்கலக்கா."

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஏய், உனக்குப் பேசக்கூட வருமா?"

பக்கத்து மேசைகளிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். என் காது சுட்டது. ஆனாலும் அடித்ததை அழித்தேன். இரண்டு இடத்திலும் கோடு போட்டேன்.

"சரி, குறிப்பையாவது ஒழுங்கா எழுது," என்று எழுந்தாள். போகிற போக்கில் திரையைக் குனிந்து பார்த்தாள். "அங்க ஒரு கமா வரும்."

5

நான் டைரக்ட் ஆகவில்லை. மறுநாள் அக்கா வந்து சொன்னாள். "விதி விதிதான், என்ன பண்றது? அடுத்த சுத்துல பாப்போம்." போகத் திரும்பியவள் சொன்னாள். "புதுசா சேர்ந்தவங்களுக்கு உன் குறிப்பைக் காட்டினேன். இப்படித்தான் எழுதணும்னு."

அன்று மாலை பேருந்து நிறுத்தம்வரை நிமிர்ந்து நடந்தேன். வழக்கமாக நான் நிமிர்ந்து நடப்பதில்லை.

இனி முடிவு. எழுதிப் பார்த்தவை:

டாக்டர் தொலைபேசியில் அழைத்து நன்றி சொல்கிறார். (சொல்ல மாட்டார். எங்கள் எண் அவரிடம் இல்லை.)

அந்த நோயாளி என் தெருவில் வேகமாக நடந்து போகிறார். (எனக்கு அவருடைய ரத்த அழுத்தம் தெரியும். எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். முகம் தெரியாது.)

வலதுதான் சரி, அக்கா சொன்னதுதான் உண்மை என்று பதில் வருகிறது. (இதை வெகுநேரம் யோசித்தேன். அப்படியே இருந்தாலும் நான் போட்ட கோடு தப்பில்லை. எழுதி முடித்த பிறகுதான் எனக்கு இது உறுதியானது.)

உண்மையில் பதில் எதுவும் வரவில்லை. எங்களுக்கு எப்போதும் வராது. யார் பிழைத்தார், யார் வீட்டுக்குப் போனார் என்று தெரியாது. அடுத்த ஒலிப்பதிவு வரும், மிதியை அழுத்துவோம்.

6

ஆகவே முடிவை இப்படி எழுதுகிறேன்:

அந்த நோயாளிக்கு ______ முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் இப்போது ______.

(குறிப்பு: இரண்டு இடங்களிலும் எழுதுபவருக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் நிரப்பவும்.)

வாசிக்கிற நீங்கள் அவரைப் பார்த்திருந்தால் நிரப்புங்கள். பார்க்கவில்லையென்றால் பேனாவை மூடிவிடுங்கள். கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது.

அவ்வளவுதானா என்று கேட்டீர்களே, அத்தை.

அவ்வளவுதான்.