காலுக்கு ஊற்றும் மருந்து

சுஜீவா கிறைண்டரின் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். ஏதோ வேரின் வாடை அடித்தது. அடியில் மண்ணிறத் தூள் ஒட்டியிருந்தது. குப்பை வாளியில், தேயிலைச் சக்கைக்குக் கீழே, சிவப்பு ஒட்டுத்தாளுடன் ஒரு வெறும் கடதாசிப் பை கிடந்தது. குளியலறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். அப்பா காலை ஊறவைக்கவென்று அவள் வாங்கிக் கொடுத்த நீலப் பேசின், விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கப்படாமல் காய்ந்து கிடந்தது.

முன்னறையில் அப்பா ஜெயரட்ணம் படுத்திருந்தார். விடிந்ததும் தேத்தண்ணி கேட்கிற மனிதர் இன்று எழும்பவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்து, முடிந்துவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார்கள். அவளும் செய்தி கேட்டுத் தன் வீட்டிலிருந்து ஓடிவந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. இனிக் குடும்ப டொக்டர் அருந்தவன் வந்து மரணச் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். இட்டால் உடல் இறுதிச் சடங்குக்கு நேரே மலர்ச்சாலைக்குப் போகும். சந்தேகம் என்று ஒரு சொல் வந்துவிட்டால் பொலிசும் பிரேத பரிசோதனையும்தான்.

மெல்பன் விமான நிலையத்தில் நிற்கும் தம்பி சஞ்சீவ் திரும்பத் திரும்ப இதைத்தான் போனில் சொன்னான்.

"அக்கா, அப்பாவை வெட்ட விடாதேங்கோ. ஹார்ட் பேஷன்ட்தானே, டொக்டர் சைன் பண்ணுவார். நீங்கள் தேவையில்லாமல் ஒண்டும் கதைக்காதேங்கோ."

புறநகர் லிட்கமில் இருந்த சீன வைத்தியரிடம் அப்பாவைக் கூட்டிப்போனது சுஜீவாதான். கால் எரிவுக்கு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வருசம் ஒன்று ஓடிவிட்டது. விசாரித்தால், இன்னும் ஒரு வருசம் ஆகலாம் என்றார்கள். "அவங்கட முறை வரேக்க எனக்குக் காலே இராது" என்று அப்பா சிரித்தார். பகலில் சிரித்தவர் படுக்கையில் முனகினார். பெற்ற மகளுக்கு அது பொறுக்கவில்லை.

வைத்தியர் லின் அம்மையாருக்குப் பேக்கரிக்கு மேலே இரண்டே அறைகள். அப்பாவின் மணிக்கட்டை அவர் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு டொக்டர் தன்னைத் தொட்டுப் பார்த்ததிலேயே அப்பாவுக்குப் பாதி வருத்தம் போய்விட்டது. சீனாவில் தான் வேலை செய்த பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றி லின் சொன்னார். எக்ஸ்ரேயும் மூலிகையும் அங்கே ஒரே கூரையின் கீழ். கசாயத்தை ஆஸ்பத்திரியே காய்ச்சி, பக்கெட்டில் அடைத்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்து கொடுக்கும். இங்கே தனக்கு அப்படி அடுப்பும் இல்லை, ஆளும் இல்லை, எல்லாம் உங்கள் குசினியை நம்பித்தான் என்றார். வெள்ளைப் பை காய்ச்சிக் குடிக்க. சிவப்பு ஒட்டுத்தாள் உள்ளது காலை ஊறவைக்க மட்டும். வாயில் விரலை வைத்து, கூடாது என்று தலையையும் ஆட்டிக் காட்டினார்.

அன்று சுஜீவா பைகளை அப்பா வீட்டுக் குசினி மேசையில் வைத்து, "சிவப்பு காலுக்கு அம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள். அவ்வளவுதான் சொன்னாளா, குடிக்கக் கூடாது என்றும் சொன்னாளா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நேற்றுப் பின்னேரம் அப்பா போனில், "நாக்கு விறைச்சமாதிரிக் கிடக்கு பிள்ளை" என்றபோது, சுடுதண்ணி குடியுங்கோ என்றாள். அது மட்டும் வரி பிசகாமல் நினைவிருந்தது.

அம்மா நாகேஸ்வரி குசினிக்குள் வந்தாள்.

"அம்மா, அந்தச் சிவப்புப் பை?"

"அதையும் சேர்த்துத்தான் அரைச்சனான். கசாயமெண்டால் உன்ர அப்பர் வாயிலயே வைக்கமாட்டாரெல்லோ. சூரணமாக்கித் தேனில குழைச்சுக் குடுத்தன். நக்கி நக்கிச் சாப்பிட்டவர்."

"அது காலுக்கெல்லோ அம்மா."

"காலுக்குத்தான் பிள்ளை. வெளியில ஊத்தினால் தோலோட நிண்டிடும். உள்ளுக்குப் போனால்தானே காலுக்கு இறங்கும்."

கணவன் கடைசியாக ஒரு மருந்தை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார் என்ற ஆறுதல் அம்மாவின் முகத்தில் இருந்தது. அதைப் பிடுங்கி எறியாமல் சுஜீவா கிறைண்டரின் மூடியை மூடினாள்.

அருந்தவன் வந்தார். அப்பாவைப் பார்த்தார், கண்ணிமையை மூடிவிட்டார், சாப்பாட்டறைக்கு வந்து கதிரையை இழுத்து மேசையருகே இருந்தார்.

"அங்கிளின்ர ஹார்ட் கொஞ்ச நாளாவே வீக்தான். நான் குடுத்த குளிசையைவிட வேற ஏதும் எடுத்தவரோ?"

அம்மா அவளைப் பார்த்தாள். மருந்து விசயம் மகளுக்குத்தான் தெரியும் என்கிற பார்வை.

"இல்லை டொக்டர்."

அவர் பேனையைத் திறந்தார். பெயரை எழுதத் தொடங்கினார். இன்னும் சில வரிகள்தான், பிறகு இந்த வீட்டில் யாரும் எதையும் அறியத் தேவையில்லை என்று சுஜீவா எண்ணினாள். அப்படி எண்ணியதில் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அம்மா விரலால் உதட்டைத் தேய்த்தாள்.

"பிள்ளை, கொஞ்சம் தண்ணி தா. வாய் விறைச்சுக்கொண்டு வருது."

"அன்ரி ஒண்டும் சாப்பிட்டிருக்கமாட்டா. களைப்பாயிருக்கும்" என்றார் அருந்தவன், எழுதிக்கொண்டே.

சுஜீவா அம்மாவின் முன்னால் முழந்தாளிட்டாள். "அம்மா, நீங்களும் அதைச் சாப்பிட்டனீங்களோ?"

"ஆம்புலன்ஸ் போனாப் பிறகு. கிண்ணத்தில அவர் வைச்ச மிச்சம் கிடந்தது. கழுவி ஊத்த மனம் வரேல்லை. வழிச்சு வாயில போட்டிட்டன்."

சுஜீவா எழுந்து குசினிக்கு ஓடினாள். குப்பை வாளியிலிருந்து பையையும், கிறைண்டரையும் தூக்கிவந்து, டொக்டர் எழுதிக்கொண்டிருந்த தாளின் மேலேயே வைத்தாள்.

"காலுக்குத் தந்த சீன மருந்து. அம்மா இதைத்தான் சாப்பிட்டிருக்கிறா. அப்பாவும் இதைத்தான். நான் பொய் சொன்னனான் டொக்டர்."

அருந்தவன் ஒரு கையால் ஆம்புலன்சை அழைத்துக்கொண்டே மறுகையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை விடவேயில்லை. அம்மா கிறைண்டரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு முன்னறைப் பக்கம் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அம்மாவைத் தூக்கியபோது மேசையில் போன் அதிர்ந்தது. சஞ்சீவின் பெயர். யாரும் எடுக்கவில்லை.

"நீங்கள் அன்ரியோட போங்கோ" என்றார் அருந்தவன். "பொலிஸ் வருமட்டும் நான் அங்கிளுக்குப் பக்கத்தில இருக்கிறன்."

ஆம்புலன்சுக்குள் அம்மாவின் மார்பில் வயர்களை ஒட்டினார்கள். திரையில் கோடு ஒழுங்கில்லாமல் துள்ளியது. ஓட்டுநர் சைரனை அலறவிட்டார். ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காகச் சுஜீவா அந்தப் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அழுகை முட்டியபோது கை தானாக வாயை நோக்கிப் போனது.

அம்மா எட்டி அந்தக் கையைப் பிடித்தாள்.

"வாயில வைச்சிடாத பிள்ளை."

பிறகு தான் உடுத்திருந்த வீட்டுச் சோட்டியின் ஓரத்தால், தூள் ஒட்டியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினாள்.