மெல்போர்னிலிருந்து மண்ணடி வழியாக

விண்ணப்பத்தின் பதினான்காம் கேள்வி வரும்வரை இன்பசேகரனுக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கறிச்சோறு தின்று, வெற்றிலை போட்டுக்கொண்டு அவன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சரான அவன் மனைவி ஜெயசீலி, படிவத்தை மேசையில் விரித்து மணிமணியாக நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர், வயது முப்பத்தெட்டு, தொழில் தோல் தரம் பிரித்தல், அனுபவம் பத்தொன்பது வருஷம். ஆம்பூரில் இன்பசேகரன் கைக்குத் தப்பிய தோல் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு தடவி, இது உண்ணி கடித்தது, இது முள்கம்பி கிழித்தது என்று சொல்லுவான். அவன் வேலை செய்த தோல் பதனிடும் டேனரியின் முதலாளி, ஆஸ்திரேலியாவில் ஆட்டுத் தோல் வாங்கும்போதெல்லாம் பொறுக்கி எடுக்க அவனைத்தான் அனுப்புவார். மூன்று தடவை போனான். மூன்றாவது தடவை அங்கே தோல் கிடங்கு வைத்திருந்த வெள்ளைக்காரன், இவனை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவது வீண் செலவு என்று முடிவு கட்டினான். வேலை தருகிறேன், குடும்பத்தோடு வா என்று கடிதமும் போட்டுவிட்டான். விண்ணப்பம் மாதக் கடைசிக்குள் டெல்லிக்குப் போய்ச் சேர வேண்டும். அது 1986.

"பதினாலு," என்றாள் ஜெயசீலி. "இதுக்கு முன்னாடி எத்தனை தடவை அந்த நாட்டுக்கு வந்தீங்க, ஒவ்வொரு தடவையும் வந்த தேதி இன்னா, கிளம்பின தேதி இன்னா. தப்பா எழுதினா விண்ணப்பம் தள்ளுபடி. சொல்லுங்க."

"பாஸ்போர்ட்ட பாத்து எழுதேன்."

"எந்த பாஸ்போர்ட்ட?"

இன்பசேகரன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினான். வெளிநாட்டு முத்திரைகளை எல்லோருக்கும் காட்டவென்று பழைய பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தவன் அவன். பிப்ரவரியில் ஒரு நாள், டேனரியின் சுண்ணாம்புத் தொட்டிக்கு மேல் குனிந்தபோது அது உள்ளே விழுந்துவிட்டது. மறுநாள்தான் எடுத்தார்கள். ஆட்டுத் தோலில் மயிர் கழலுவதுபோல் அதில் முத்திரையெல்லாம் கழன்றிருந்தது. இப்போது கையில் இருப்பது புதுசு. பச்சைக் குழந்தையின் மனசு மாதிரி வெள்ளையாக இருந்தது.

முதலாளி ஆபீசில் கேட்கலாம். ஆனால் வேலையை விட்டு ஓடப் பார்க்கிறவன் முதலாளியிடமே போய்த் தேதி கேட்க முடியுமா?

"போன தேதி எனக்கே தெரியும்," என்றாள் ஜெயசீலி. "மூணு தடவையும் ஸ்டேஷன்ல மாலை போட்டு அனுப்பினோமே, என் பள்ளிக்கூட டைரியில இருக்கு. திரும்பி ஊருக்கு வந்த தேதிதான் வேணும். அது தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்."

"வேணாம்," என்றான் இன்பசேகரன் அவசரமாக.

அதற்குள் அவள் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்துவிட்டாள். எதிர்வீட்டு அமீர் பாஷாவும் பக்கத்து வீட்டு ஜெபகனியும் வந்தார்கள். அமீர் பாஷா தோல் லாரிகளுக்கு புக்கிங் ஏஜெண்டு. ஜெபகனி ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையில் ரிடையர் ஆனவள், ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை. விஷயத்தைக் கேட்டதும் இருவருக்கும் கல்யாணக் களை வந்துவிட்டது.

"எண்பத்தொண்ணா? ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி தோஸ்த்!" என்றார் அமீர் பாஷா. "ரம்ஜானுக்கு ரெண்டு நாள் முன்னாடி. நீ குடுத்த ஆஸ்திரேலியா செண்ட்டைப் போட்டுக்கினுதான் நான் தொழுகைக்குப் போனேன். பக்கத்துல நின்னவன் தும்மிக்கினே இருந்தான்."

"எண்பத்திமூணுல அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை," என்றாள் ஜெபகனி. "மறுநாள் நம்ம சர்ச்சுல காணிக்கை ஏலத்துக்கு மெல்போர்ன் கடிகாரம்னு ஒண்ணு குடுத்தியே தம்பி, நான்தானே எடுத்தேன். போதகர் கூட விட்டுக்குடுக்காம ஏத்திக்கினே போனாரு. நான் விடலையே!"

"போன வருஷம் டிசம்பர் இருபத்திமூணு," என்று மூன்றாவதை ஜெயசீலியே எழுதிக்கொண்டாள். "எனக்குக் குடை, பசங்களுக்கு பேனா."

பிறகு அவள் கணக்குப் போட்டாள். ஊரை விட்டுப் போன தேதியோடு பயணத்துக்கு இரண்டு நாள் கூட்டினாள், ஆம்பூர் திரும்பி வந்த தேதியிலிருந்து இரண்டு நாள் கழித்தாள். வரவர அவள் முகம் பரீட்சைத் தாள் திருத்தும் முகமாக மாறியது.

"உங்களுக்கு எத்தனை நாளுக்கு விசா குடுத்தாங்க?"

"நாலு வாரம்."

"மொதல் தடவை முப்பத்திரண்டு நாள் இருந்திருக்கீங்க. ரெண்டாவது, முப்பத்தி நாலு. மூணாவது, முப்பத்தி ஏழு. மூணு தடவையும் விசா முடிஞ்ச பிறகும் அங்கயே உக்காந்திருக்கீங்க! இதை எழுதிக் குடுத்தா விசா குடுப்பானா, விலங்கு மாட்டுவானா?"

"ஐயோ," என்றாள் ஜெபகனி.

"அரே," என்றார் அமீர் பாஷா. "இன்னா தோஸ்த், யாராவது மேம்சாகிப்பா?"

ஜெயசீலி பேனாவை மூடினாள். பேனா மூடியில் அப்படி ஒரு சத்தம் வரும் என்று இன்பசேகரனுக்கு அதுவரை தெரியாது. ஒரு பக்கம் ஆஸ்திரேலியா. மறுபக்கம் ஐந்து வருஷ மரியாதை. இரண்டையும் ஒரே கையில் பிடிக்க முடியாது. அவன் எச்சிலோடு வெற்றிலையையும் விழுங்கினான்.

"நான் ஒழுங்காத்தான் கிளம்பினேன். இருபத்தெட்டு நாள், ஒரு நாள் ஜாஸ்தி இல்ல. மெட்ராசுலதான் தங்கிட்டேன்."

"மெட்ராசுல இன்னா?"

"பர்மா பஜார்."

அவன் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டான். மெல்போர்னிலிருந்து தள்ளி, அந்தத் தோல் கிடங்கு இருந்த சின்ன ஊரில் மொத்தம் ஒன்பது கடை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அத்தனையையும் மூடிவிடுவான். இவனுக்கு வேலை முடிவது ஐந்தரைக்கு. சனிக்கிழமை பகலில் மூடினால் திங்கட்கிழமைதான். கண்ணாடிக்குப் பின்னால் சாமான்களைப் பார்த்ததுதான் மிச்சம், ஒரு கடைக்குள்ளும் காலை வைத்தது கிடையாது. ஆனால் இங்கே தெருவே பட்டியல் கொடுத்து அனுப்பியிருந்தது. வெறும் பெட்டியோடு ஆம்பூரில் இறங்கினால் எந்த மூஞ்சியோடு நடப்பது? அதனால் விமானத்திலிருந்து இறங்கினதும், வெளிநாட்டுச் சாமான் விற்கும் பர்மா பஜாருக்கு நேரே போனான். ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கி, ஹாங்காங் என்று போட்டிருந்த சீட்டையெல்லாம் வெந்நீர் தடவி உரித்து எடுத்து... பட்டியல் நீள நீள நாளும் நீண்டது.

"அப்ப என் கடிகாரம்?" என்றாள் ஜெபகனி.

"மூணாவது வரிசை, மூலைக் கடை அக்கா."

"கோயில் ஏலத்துக்கு டூப்பு குடுத்திருக்கியே பாவி! போதகரு ராத்திரியெல்லாம் வருத்தப்பட்டாராம் கைதவறிப் போச்சேன்னு!"

முதலில் சிரித்தது யார் என்று பிறகு யாருக்கும் நிச்சயமில்லை. அமீர் பாஷா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெபகனிக்குச் சிரிப்பில் விக்கல் வந்து, தண்ணீர் கேட்டு, தண்ணீரோடும் சிரித்து மூக்கில் ஏறியது. "ஐயோ, தும்மல் வந்ததே, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்!" என்று அமீர் பாஷா தரையை அறைந்தார்.

ஜெயசீலி சிரிக்கவில்லை.

"இதை நான் எப்படி நம்பறது? அஞ்சு நாளா, பத்து நாளா, எந்தத் தேதி கிளம்பினீங்க?"

"சுமாரா..."

"சுமாருன்னு இதுல கட்டமே இல்ல. எங்க தங்கினீங்க?"

"மண்ணடியில ஒரு லாட்ஜ்ல. மூணு தடவையும் அங்கதான். ஏர்போர்ட்லேர்ந்து நேரா."

"நாளைக்கு லீவு போடறேன்," என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை ரயிலில் நான்கு பேர் போனார்கள். அமீர் பாஷாவையும் ஜெபகனியையும் யாரும் அழைக்கவில்லை. அரக்கோணம் தாண்டுவதற்குள் பெட்டி முழுக்கக் கதை தெரிந்து, முன்பின் தெரியாத ஒருவர் இன்பசேகரனுக்குக் கடலை மிட்டாய் கொடுத்து, "கவலைப்படாதீங்க சார், வெள்ளைக்காரன் நல்லவன்" என்று தைரியம் சொன்னார்.

லாட்ஜ் மேனேஜர், போலீஸ் கேட்டால் காட்டுவதற்காகப் பழைய ரிஜிஸ்டர்களையெல்லாம் பரணில் கட்டி வைத்திருந்தார். ஒரு டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டால் போலீசுக்குச் சமம்தான். தூசு தட்டி இறக்கினார்.

27-7-81. இன்பசேகரன். எங்கிருந்து: மெல்போர்ன். அவன் கையெழுத்தேதான், பெருமையில் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தான்.

ஜெயசீலியின் விரல் தேதியில் நிற்கவில்லை. பெயரிலும் நிற்கவில்லை. வரியோடு நகர்ந்து, நபர்கள் என்ற கட்டத்துக்குப் போய் நின்றது.

ஒன்று.

அடுத்த ரிஜிஸ்டரைப் புரட்டினாள். ஒன்று. அதற்கடுத்ததில், ஒன்று. அப்போதுதான் கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். வந்த காரணம்: சாமான் வாங்க. மூன்றிலும் அதே.

முந்தின நாள் மதியத்திலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது. கவுண்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவள் குலுங்கினாள். மேனேஜர் அழுகிறாள் என்று நினைத்து, "வேணாம்மா, ஆம்பிளைங்க அப்படித்தான்" என்றார். அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு இன்னும் தாங்கவில்லை.

"கடைசித் தடவை பதினோரு நாள்!" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆம்பூர் இங்கேருந்து நாலு மணி நேரம். இங்க உக்காந்து சீட்டு உரிச்சிக்கினு இருந்தீங்களா?"

"வெறுங்கையோட எப்படி வர்றது?"

"வந்திருந்தா திட்டியிருப்பேன். ஒரு நாள் திட்டியிருப்பேன், அவ்வளவுதானே."

கவுண்டரிலேயே படிவத்தை விரித்தாள். லாட்ஜுக்கு வந்த தேதியில் ஒரு நாள் கழித்தால் மெல்போர்னிலிருந்து கிளம்பின தேதி. ஜூன் 29 முதல் ஜூலை 26 வரை, இருபத்தெட்டு நாள். இரண்டாவது இருபத்தெட்டு. மூன்றாவது இருபத்தேழு. அந்தத் தடவை பட்டியல் நீளம் என்று ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டானாம். பதினான்காம் கேள்வி நிரம்பியது.

பெரிய தபாலாபீசில் ரிஜிஸ்டர் தபாலாகப் போட்டார்கள். ஐந்து மாதம் கழித்து விசா வந்தது, ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? தபாலாபீஸ் படியில் நின்றால் பர்மா பஜார் கூப்பிடு தூரத்தில் இருந்தது. நாலு பேருமே அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாத்துட்டு மட்டும் போலாம்," என்றாள் ஜெபகனி.

மூன்றாவது வரிசை மூலைக் கடைக்காரன் இன்பசேகரனைக் கண்டதும் எழுந்து நின்றான். "வாங்க ஆஸ்திரேலியா சார்! எப்ப வந்தீங்க?" பிறகு மற்ற மூவரிடமும் குரலைத் தாழ்த்தி, "சார் அங்க பெரிய கம்பெனி. ஊருக்கு வந்தா நம்ம கடை சாமான்தான் வேணும்பாரு. அங்க கிடைக்கிறதெல்லாம் தரமில்லையாம்" என்றான்.

அமீர் பாஷா பதில் சொல்ல வாயைத் திறந்தார், முடியவில்லை. செண்ட் பாட்டிலை மட்டும் விரலால் காட்டி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு விலை கேட்டார். கால் மணி நேரம் பேரம் பேசி, இன்பசேகரன் கொடுத்ததில் பாதிக்கு வாங்கினார்.

"தோஸ்த்," என்றார் வெளியே வந்து, "தோல்ல உன்னை மிஞ்ச ஆளில்ல. ஆனா அந்த ஊர்ல போய் நீ எதுவும் வாங்காதே. டீச்சரம்மாவை அனுப்பு."

ஜெயசீலி அங்கே இல்லை. அடுத்த கடையில் ஒரு கைக்கடிகாரத்தைத் திருப்பி, பின்புறம் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் மெதுவாக நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.