நாற்பது டிகிரி

ஜாக்சன்தான் அவரை எங்கள் கடைக்கு அழைத்து வந்தான். தூத்துக்குடியில் ஒரு கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாகக் கண் பார்த்துக் கண்ணாடி பொருத்தும் வேலை செய்கிறேன். ஜாக்சன் சங்கு குளிக்கிறவன், கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவன். அவன் போகும் ஃபைபர் படகை ஓட்டுகிறவர் ரெக்சன், அவனுடைய அக்கா பிலோமினாவின் கணவர்.

“கடல்லருந்து பாத்தா அத்தானுக்குக் கரையில உள்ள புகைபோக்கி ரெண்டாத் தெரியுதாம். அக்காளும் ரெண்டாத் தெரியுதான்னு கேளுங்க. ஒண்ணையே சமாளிக்க முடியல அவரால” என்றான் ஜாக்சன். ரெக்சன் அவன் தலையில் தட்டினார்.

இரண்டு கண்ணிலும் சிதறல் பார்வை இருந்தது. கருவிழி பந்துபோல் எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருக்க வேண்டும். இவருக்குக் கரண்டியின் முதுகுபோல ஒரு வாக்கில் கூடுதலாகவும் இன்னொரு வாக்கில் குறைவாகவும் வளைந்திருந்தது. வெளிச்சம் ஒரே இடத்தில் குவியாததால் நேர்கோடு கலங்கி இரட்டையாகும். இதற்குப் போடும் கண்ணாடியில் ஒரு திசையில் மட்டும்தான் சரிசெய்யும் பவர் இருக்கும். அந்தத் திசைக்கு டிகிரிக் கணக்கு உண்டு. முப்பது டிகிரி திரும்பினால் கண்ணாடி போட்டும் போடாததுதான். அதற்கு மேல் போனால் வெறுங்கண்ணே தேவலாம்.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னது வேறு. முதல் பத்து நாள் தரை சாய்ந்த மாதிரி, கலங்கின மாதிரி இருக்கும், பழகிவிடும், கழற்றாதீர்கள் என்றேன். வட்டமான கம்பிச் சட்டத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். அன்று பிப்ரவரி பன்னிரண்டு, புதன்கிழமை.

அடுத்த புதன்கிழமை ஜாக்சன் செத்துப்போனான்.

சங்கு கிடக்கும் இடத்தை அவர்கள் ஜிபிஎஸ்ஸில் ஏற்றுவதில்லை. அடுத்த படகுக்காரன் எடுத்துப் பார்த்துவிடுவான் என்ற பயம். கரையிலிருக்கும் கோயில் கோபுரத்தையும் புகைபோக்கியையும் ஒரே கோட்டில் வரச் செய்து, வடக்கே இன்னொரு ஜோடியையும் அப்படியே பிடித்து, அந்த இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தை மனதில் வைத்துக்கொள்வார்கள். அன்று ரெக்சன் ஜாக்சனை, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு, ஓரிடத்தில் இறக்கினார். படகில் வந்த மற்ற இரண்டு சங்கு குளிப்பவர்களையும் தூரத்தில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினார். கண்ணாடி போட்டும் இரட்டையாகத் தெரிந்த புகைபோக்கியில் எது நிஜம் என்று தெரியாமல், அரைக் கிலோமீட்டர் தள்ளி முக்கால் மணி நேரம் காத்திருந்தார். ஜாக்சன் எங்கோ மேலே வந்து, படகைத் தேடி நீந்தி, ஓய்ந்திருக்கிறான். வியாழக்கிழமை காலையில்தான் உடல் கிடைத்தது.

சனிக்கிழமை ரெக்சன் கடைக்கு வந்து கண்ணாடியை என் முன்னால் வைத்தார்.

“இது கண்ணாடிக் கோளாறா, இல்ல எங் கண்ணுக் கோளாறா? பாத்துச் சொல்லு தாயி. நான் குடிச்சிருந்தேங்கானுவ. கிறிஸ்மஸ்லருந்து நான் தொடல.”

மறுநாள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஊர்க் கமிட்டி கூடுகிறது. குடித்துவிட்டுப் படகு ஓட்டினார் என்று முடிவானால் இனி எந்தப் படகிலும் அவரை ஏற்ற மாட்டார்கள்.

கண்ணாடியைக் கருவியில் வைத்துப் பார்த்தேன். வலது லென்ஸ் நாற்பது டிகிரி திரும்பியிருந்தது, இடது முப்பத்தைந்து. இதை யார் கழற்றினார்கள் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிலோமினா கழற்றினாள் என்றார். ஓரத்தில் உப்புப் பூத்திருந்ததாம். கடலுக்குப் போய்வந்த எதையும், எஞ்சினோ கத்தியோ, பிரித்து நல்ல தண்ணீரில் அலசி வைப்பது அந்த வீடுகளில் வழக்கம். அவளும் திருகைத் தளர்த்தி, லென்ஸ் இரண்டையும் எடுத்துக் கழுவித் துடைத்து, திரும்ப மாட்டிக் கொடுத்திருக்கிறாள். வட்டச் சட்டத்தில் லென்ஸை எப்படித் திருப்பி வைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும்.

எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நாள் கணக்குச் சொன்ன என் தப்பையும் சொன்னேன். கமிட்டிக்கு இப்போதே எழுதித் தருகிறேன் என்று கடையின் தாளை எடுத்தேன்.

அவர் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ரொம்பக் கலங்கலாகத்தான் இருந்தது, பழகிவிடும் என்று நீ சொன்னதை நம்பி இருந்துவிட்டேன் என்றார். அதில் கோபம் இல்லை. பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“இத எழுதினா அவளுக்கு விளங்கிரும். தம்பியப் பறிகொடுத்துட்டு மூணு நாளாப் பச்சத் தண்ணி இறங்காமக் கெடக்கா. நான் குடிச்சிருந்தேன்னே இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில், கேட்பதற்கு முன்னால் அவரே ஒப்புக்கொண்டாராம். அன்று சாயங்காலமே பிலோமினா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவிலிருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பியைக் கொன்ற குடிகாரனோடு ஒரு கூரையின் கீழ் இருக்க மாட்டேன் என்று தெருவில் நின்று சொன்னதாகக் கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. ரெக்சனுக்குப் போன் செய்தேன். ஐஸ் கம்பெனியில் பெட்டி தூக்கப் போவதாகச் சொன்னார். இப்போதாவது நான் போய் அவளிடம் சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி என்றேன்.

“வேண்டாம் தாயி” என்றார். “என்னத் திட்டிக்கிட்டாவது ரெண்டு வாய் சாப்பிடுதாளாம். விட்டுரு.”