வாசிக்காமல் விட்ட வரி

அக்காவைக் கட்டியவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். தங்கையைக் கட்டியவருக்குச் சொந்தமாக ஒரு அச்சகம். இந்தச் சகலைகள் இருவரும் சேர்ந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியபோது குடும்பத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இருப்பதே இரண்டு சீட்டு, இதில் இரண்டு குடும்பம் எப்படிப் போகும்?

"ஒரு வாரம் அவங்க, ஒரு வாரம் நாங்க" என்றார் மூத்தவர்.

"மழை பெய்யற வாரத்த அவங்களுக்குக் குடுத்துடுங்க" என்றாள் அவர் மனைவி. துணிக்கூரை ஒழுகுவதை அவள் முதல் நாளே பார்த்துவிட்டாள்.

சிவப்புக் கார். இருவரையும்விட நான்கைந்து வயதுதான் சின்னது. எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த தெரு வரை ஆடிக்கொண்டே போனது. வளைவில் திருப்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தது. கீழே படுத்துப் பார்த்ததில் நான்கு ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் கசிந்திருந்தது, ஸ்பிரிங்குகளும் தளர்ந்திருந்தன. முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகள் மேலும் கீழும் அசைவதற்கு அவற்றின் மூட்டில் ரப்பர் புஷ் இருக்கும். விரல் பட்டதும் அது காய்ந்த ரொட்டி போல உதிர்ந்தது. எல்லாவற்றையும் தாங்களே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள். மூத்தவர் வீட்டு ஷெட்டில் இடம் இருந்தது. இளையவருக்குக் கை வேகம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இளையவர் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும்தான் சண்டை தொடங்கியது. உள்ளே இருந்த ஸ்பிரிங்குகள் பழையதைவிட இரண்டு விரல் குட்டை, கம்பியும் தடிமன்.

"இது எதுக்கு? பழைய அளவுலயே வாங்கறதாத்தானே பேச்சு?" என்றார் மூத்தவர்.

"இது போட்டா வண்டி தரையோட ஒட்டிக்கிட்டு ஓடும், சகலை. ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் இருக்கணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம்பீங்க. நீங்க எங்க வண்டி ஓட்டறீங்க? நோயாளிய ஸ்ட்ரெச்சர்ல வச்சுத் தள்ளற மாதிரில்ல தள்ளிக்கிட்டுப் போறீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தேநீர் கொண்டுவந்த இரண்டு பெண்களும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். மூத்தவருக்குச் சுருக்கென்றது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

மதியம் வரை வேலை நடந்தது. கார் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது, சக்கரங்கள் இல்லாமல். பழைய புஷ்களைத் தட்டி எடுத்து, புதியவற்றை அழுத்தி ஏற்றினார்கள். ஸ்பிரிங்குகள் உட்கார்ந்தன. ஷாக் அப்சார்பர்கள் ஏறின. பழுதுபார்க்கும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் வாசித்துச் சொல்வது மூத்தவர் வேலை. கீழே படுத்துச் செய்வது இளையவர் வேலை.

மூட்டுகளின் போல்ட்டை முடுக்கும் கட்டம் வந்தது. புத்தகத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரங்களில் நிற்கும்போதுதான் இந்தப் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். காரணமும் எழுதியிருந்தது. இரும்புக் கைகள் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

மூத்தவர் அதைப் படித்தார். கீழே ஸ்பேனர் ஏற்கெனவே கிர் கிர் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அடுத்தது என்ன?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"சக்கரம் மாட்டறது" என்றார் மூத்தவர். பக்கத்தைத் திருப்பிவிட்டார். எல்லாம் தெரிந்தவர்தானே, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

முதல் வாரம் இளையவருடையது. திரும்பி வந்தபோது அவர் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "அத்தான், இதுல உக்கார்றதும் அம்மிக்கல்லு மேல உக்கார்றதும் ஒண்ணு. என் பல்லு எல்லாம் இடத்துல இருக்கான்னு பாருங்க, நீங்கதான் எக்ஸ்ரே எடுக்கறவராச்சே" என்றாள். அடுத்த வாரம் மூத்தவர் ஓட்டினார். சின்னக் கல் ஏறினாலும் உச்சந்தலை வரை அதிர்ந்தது. முன்பக்கத்தில் கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம். 'பார்த்தாயா' என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் யாரிடம் சொல்வது?

மூன்றாவது வாரம் இளையவர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். எக்ஸ்ரே அறை வாசலில், முழங்கை உடைந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூத்தவர் வெளியே வந்ததும் எழுந்தார்.

"சகலை, நீங்க சொன்னதுதான் சரி. அன்னைக்கு உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பழைய அளவு ஸ்பிரிங்குக்கே சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை மாத்திடலாம்."

மூத்தவர் "சரி, சரி" என்றார்.

இரவு சாப்பிடும்போது மனைவி கேட்டாள், "நீங்க கேட்ட ஸ்பிரிங்கே வரப்போகுது. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

அவருக்கு வழி தெளிவாகத்தான் தெரிந்தது. ஞாயிறன்று ஸ்பிரிங்கை மாற்றும்போது, புத்தகத்தில் அந்த வரியை இப்போதுதான் பார்ப்பது போலச் சத்தமாக வாசித்துவிட்டால் போதும். வண்டி சரியாகிவிடும். ஸ்பிரிங்கால்தான் சரியானது என்று எல்லோரும் நம்புவார்கள். அவர் சொன்னதே சரி என்று ஆகிவிடும்.

ஞாயிறன்று வண்டியைத் தூக்கி, போல்ட்டைக் கழற்றி, முதல் இரும்புக் கையை வெளியே எடுத்தார்கள். இளையவர் புஷ்ஷை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ரப்பர் ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே.

"புது சாமான், சகலை! மூணு வாரந்தான் ஆச்சு." இளையவர் முகம் சிவந்துவிட்டது. "பழச கழுவிப் பெட்டியில போட்டு வித்திருக்கான் அந்தக் கடைக்காரன். நல்ல மனுஷன்னு நெனச்சேனே." எண்ணெய்க் கையோடு போனை எடுத்துக் கடைக்காரரின் எண்ணைத் தேடினார்.

"போன் பண்ணாதீங்க" என்றார் மூத்தவர்.

"ஏன்? சும்மா விடச் சொல்றீங்களா?"

"கடைக்காரர் மேல தப்பில்ல. வண்டிய இறக்கி வச்சிட்டுத்தான் அந்தப் போல்ட்ட முடுக்கணும். புத்தகத்துல இருந்துச்சு."

"சரி, இப்பதானே தெரியுது."

"எனக்கு அன்னைக்கே தெரியும். படிச்சேன். நீங்க முடுக்கறதையும் பார்த்தேன். கோவத்துல சொல்லாம விட்டுட்டேன்."

இளையவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மூத்தவர் நினைத்தார். இளையவர் குழாயடிக்குப் போய் நெடுநேரம் கை கழுவினார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, "கெளம்பு" என்றார்.

பதினோரு நாள் கார் ஸ்டாண்டிலேயே நின்றது. மூத்தவர் மூன்று முறை போன் செய்தார். ஒவ்வொரு முறையும் மைத்துனிதான் எடுத்தாள். "அச்சகத்துல கல்யாணப் பத்திரிகை வேலை நிறைய, அத்தான்" என்றாள். மூத்தவர் தாமே கடைக்குப் போய்ப் புதிய புஷ்கள் வாங்கிவந்து ஷெட்டு அலமாரியில் வைத்தார். எதையும் மாட்டவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் இளையவர் தனியாக வந்தார். வணக்கம் சொல்லவில்லை. நாற்காலியில் கிடந்த புத்தகத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் படிக்கறேன். நீங்க கீழ படுங்க."

மூத்தவர் ஐம்பத்திரண்டு வயது முதுகோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"எந்த ஸ்பிரிங்க போடறது?"

"அந்தக் குட்டை ஸ்பிரிங்கே இருக்கட்டும். புஷ் சரியா இருந்தா எப்படி ஓடுதுன்னு முதல்ல பாக்கலாம். அப்பறம் சண்டை போட்டுக்கலாம்."

புதிய புஷ்களை ஏற்றினார்கள். சக்கரங்களை மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் தடித்த மரக்கட்டை வைத்து, வண்டியை அதன்மேல் இறக்கினார்கள். எடை முழுவதும் சக்கரத்தில் நின்றது. அடியில் ஆள் நுழையவும் இடம் இருந்தது. அப்போதுதான் இளையவர் அந்த வரியை வாசித்தார். ஒரு முறைக்கு இரண்டு முறை வாசித்தார். மூத்தவர் முடுக்கினார்.

சாயங்காலம் இருவருமாக வெளியே எடுத்தார்கள். இளையவர் ஓட்டினார். வண்டி கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது; ஆனால் பள்ளத்தில் ஒரு முறை அமுங்கி எழுந்து அதோடு நின்றது. வளைவில் சாயவில்லை. கிறீச் சத்தமும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்று மூத்தவர் ஒப்புக்கொண்டார்.

இளையவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "வேற ஏதாவது இருக்கா, எங்கிட்ட சொல்லாம விட்டது?"

மூத்தவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"பின்னாடி லைட்டு மூடியில ஒரு ஸ்க்ரூ கம்மி. துடைக்கும்போது நான்தான் தொலைச்சேன்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் இளையவர். சிரிப்பு வந்ததை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கியரைக் குறைத்து, ஆற்றுப்பாலத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.