புளி போட்ட காசு

ரெய்னர்ஸ் லேன் கடைத்தெருவில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பலசரக்குக் கடைகளும் ஒருகாலத்தில் ஒன்றுதான். ஜெர்மனியிலிருந்து சேர்ந்து வந்த சவிரிமுத்துவும் சபாரத்தினமும் கூட்டாகத் திறந்த கடை அது. பெயர்ப்பலகையில் யார் பெயர் முன்னுக்கு என்று சண்டை பிடித்து, ஆளுக்கொரு கடையாகப் பிரிந்தார்கள். வளர்ந்த மனிதர்கள் இரண்டு பேர், ஒரு பலகைக்காக. பல வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

2006 இல், சவிரிமுத்து கடையை விற்றுவிட்டு மகளோடு கனடாவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் சபாரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் இல்லை. வெறுங்கையோடு போய் நிற்கவும் வெட்கமாக இருந்தது. சவிரிமுத்துவுக்குப் பழங்காசுப் பைத்தியம். ஆகவே நாணயச் சந்தையில் தேடி, ரோமர் காலத்து வெண்கலக் காசு ஒன்றை வாங்கினார். எபேசும் சிமிர்னாவும் ரோமரின் ஆசிய மாகாணத்தில் நாங்கள்தான் முதல் நகரம் என்று மல்லுக்கு நின்ற கிரேக்க ஊர்கள். அவை ராசியானபோது அடித்த காசு அது. இரண்டு ஊர்த் தெய்வங்களும் அதில் அருகருகே நின்றன. சொல்லிச் செய்வித்தாலும் இவ்வளவு பொருந்தியிருக்காது.

மறுநாள் காலையில் பார்த்தால் காசு பளபளவென்று மினுங்குகிறது. பரிசாகக் கொடுக்கிற சாமான் பாசி பிடித்துக் கிடக்கிறதே என்று மனைவி குமுதினி அதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் பழப்புளி போட்டுத் தேய்த்துவிட்டிருந்தார். சபாரத்தினம் காசைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பழங்காசுக்கு அந்தப் பச்சைக் களிம்புதான் உயிர், அதைக் கழுவுகிறவனைக் கட்டிவைத்து அடிக்க வேண்டும் என்று சவிரிமுத்து சொல்லி எத்தனை தடவை கேட்டிருப்பார். ஆனாலும் குமுதினியைக் கோபிக்க மனம் வரவில்லை. வேறு காசு தேட நாளும் இல்லை. அதையே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார்.

சவிரிமுத்து காலியான சாமான் தட்டுகளுக்கு நடுவே நின்றார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நீட்டிய காசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"புளி போட்டு மினுக்கினதோ?"

"ஓம் அண்ணை. குமுதினிக்குத் தெரியாது. பழுதாப் போச்சு."

சவிரிமுத்து காசிலிருந்த இரண்டு தெய்வங்களையும் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"என்னட்ட இருக்கிற காசெல்லாம் கறுப்பும் பச்சையும்தான். அவங்கள் ராசியான அண்டைக்கு இது இப்பிடித்தான் மினுங்கியிருக்கும், சபா."

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே போதுமாக இருந்தது. சபாரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சவிரிமுத்து உள்ளே போய் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். நீ முதல் எடு, இல்லை அண்ணை நீங்கள் முதல் எடுங்கோ என்று இருவரும் விட்டுக்கொடுத்ததில் தேத்தண்ணி ஆறிப்போனது.